பன்னிரண்டில் ஒரு விரிசல்

முதல் குத்து தங்கராஜுவின் மூக்கில் விழுந்தது. இரண்டாவது எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்குள் அவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

கெர்பாவ் ரோட்டில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவர் வேலை பார்க்கும் துப்பறியும் அலுவலகம். பகல் பன்னிரண்டரை மணிக்கு, கையில் மூன்று பொட்டலம் பிரியாணியோடு படியேறியவரை ஹெல்மெட்டைக் கழற்றாத இரண்டு தடியன்கள் மறித்துக்கொண்டார்கள். தங்கராஜுவுக்கு வயது அறுபத்தொன்று. முப்பது வருடம் டாக்சி ஓட்டியவர். குடிகாரப் பயணிகளிடம் அடி வாங்கிய அனுபவம் அவருக்கு உண்டு. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் வாங்கியதில்லை.

"உன் மேடம்கிட்ட சொல்லு." ஒருவன் பூட்ஸ் காலை அவர் விரல்கள்மீது வைத்தான். "புக்கிட் பாத்தோக் பக்கம் இன்னிக்கு வரக்கூடாது. நாலு மணி வரைக்கும் அந்தப் பட்டறையில தலை காட்டக்கூடாது. புரியுதா?"

"நாலு மணிக்கு அப்புறம் வரலாமா தம்பி?"

பூட்ஸ் அழுந்தியது. நடுவிரலில் ஏதோ 'டக்' என்று முறிந்தது. கத்துவதற்கு வாய் திறந்தவரின் விலாவில் ஓர் உதை விழுந்ததும் கத்தலும் உள்ளேயே நின்றுவிட்டது. மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு போன பிறகுதான் அவரால் மூச்சு விட முடிந்தது. படியெல்லாம் பிரியாணி. மேலே இருந்து குடையை ஓங்கியபடி ஓடி வந்தாள் அவருடைய முதலாளி சம்சுன்னிசா.

"அண்ணே! யாரு? எங்க?"

"போயிட்டானுங்க மேடம். குடையை மடக்குங்க, மழை இல்லை."

சம்சுன்னிசாவுக்கு நாற்பத்து மூன்று வயது. பன்னிரண்டு வருடம் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் தீ விபத்துகளை விசாரித்தவள். எது தானாக எரிந்தது, எது எரிக்கப்பட்டது என்று சாம்பலைப் பார்த்தே சொல்லுவாள். தங்கராஜுவை அவள் 'அண்ணே' என்பாள். தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவளிடம் சம்பளம் வாங்குவதில் அவருக்கு வெட்கம் எதுவும் கிடையாது. 'மேடம்' என்று கேலியாகக் கூப்பிட்டே அதைச் சரிக்கட்டிக்கொள்வார்.

அவளுக்குப் பின்னால் இறங்கி வந்து அவரைத் தாங்கிப் பிடித்தாள் இனியா. பாலர் பள்ளி ஆசிரியை. எட்டு நாளாகத் தூங்காத கண்கள். ஒரு ஸ்கேலை உடைத்து விரலுக்கு அணையாக வைத்துக் கட்டினாள்.

"எல்லாம் என்னாலதான் அங்கிள்."

"நீயா உதைச்சே? உதைச்சவனுக்கு மீசை இருந்துச்சும்மா."

அவள் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பாள்? அவள் அப்பா நடேசன் புக்கிட் பாத்தோக்கில் விமானப் பாகங்களைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் பரிசோதகர். எட்டு நாளைக்கு முன்னால் பரிசோதனை அறையிலேயே மண்டை பிளந்து கிடந்தார். அதே பட்டறையில் கடைசல் வேலை பார்க்கும் ரித்திக்கைப் போலீஸ் பிடித்துக் கொலைக்குற்றம் சாட்டியிருந்தது. ரித்திக் வேறு யாருமில்லை. இனியா கட்டிக்கொள்ள நினைத்திருந்தவன். அன்று மதியம் கேன்டீனில் மாமனாராக வேண்டியவரும் மருமகனாக வேண்டியவனும் ஊரே பார்க்கக் கத்திக்கொண்டார்கள். மாலையில் அவர் பிணம். இரவில் அவன் லாக்கரில் இரத்தம் பூசிய ஒரு ஸ்பேனர்.

"நேத்து சிறையில அவனைப் பார்த்தேன் அங்கிள்," என்றாள் இனியா. "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். 'நீ செஞ்சியா?'ன்னு கேட்டேன். போனை வச்சிட்டு எழுந்து போயிட்டான்."

கட்டின் கடைசி முடிச்சை இறுக்கினாள்.

"அவன் செஞ்சிருந்தா, அப்பாவைக் கொன்னவனை நான்தான் வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்திருக்கேன். செய்யலைன்னா, ஒண்ணும் செய்யாதவன் மூஞ்சியைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கேன். எதுன்னு தெரியாம என்னால உயிரோட இருக்க முடியாது."

சம்சுன்னிசா அவள் தோளில் கை வைத்தாள். ஆனால் கண் தங்கராஜுவின் மேல் இருந்தது.

"அண்ணே, நாலு மணின்னா சொன்னான்?"

"ரெண்டு தடவை."

"நல்லது. எங்க தேடறதுன்னு காலையிலதான் எனக்குத் தெரிஞ்சுது. எப்ப வரைக்கும் தேடணும்னு அவனே சொல்லிட்டுப் போயிருக்கான். காரை எடுங்க."

"விரல் உடைஞ்சிருக்கு மேடம்."

"ஆட்டோ கியர்தானே?"

* * *

இனியாவைப் புக்கிட் மேராவில் அவள் அம்மா பஞ்சவர்ணத்திடம் இறக்கிவிட்டு, கார் மேற்கே திரும்பியது. மூக்கில் பஞ்சோடு ஓட்டிய தங்கராஜுவுக்குக் கதையின் மிச்சத்தைச் சொன்னாள் சம்சுன்னிசா.

"செத்த அன்னைக்கு சாயங்காலம் ஆறு பத்துக்கு நடேசன் பெண்சாதிக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கார். 'பன்னிரண்டில் ஒன்று விரிசல். பேசிவிட்டு வருகிறேன், நேரமாகும்.' எது பன்னிரண்டுன்னு இன்னிக்குக் காலையிலதான் கண்டுபிடிச்சேன். சரக்கு விமானத்துக் கதவைத் தாங்கிப் பிடிக்கிற அலுமினியக் கை. ஒரு முழத்தைவிடக் கொஞ்சம் நீளம். அதில பன்னிரண்டு அந்தப் பட்டறையில இருக்கு. இன்னிக்கு நாலு மணிக்கு லாரி வந்து ஏத்திட்டுப் போகுது."

"அதில ஒண்ணு விரிசல்."

"பேப்பர்ல அப்படி இல்லை. பன்னிரண்டும் நல்லாயிருக்குன்னு பரிசோதகர் முத்திரை குத்தியிருக்கு. பேப்பர் ஒண்ணு சொல்லுது, செத்தவர் ஒண்ணு சொல்றார். செத்தவருக்குப் பொய் சொல்லி ஆக வேண்டியது என்ன இருக்கு?"

"சரி. ஸ்பேனர்?"

"ஸ்பேனர் ஒரு ஜாண். மண்டையைப் பிளந்த காயம் காதுல இருந்து பிடரி வரைக்கும் ஒரே கோடு. ரித்திக்கோட வக்கீல் வாங்கின டாக்டர் ரிப்போர்ட்ல இருக்கு. ஸ்பேனரை ரத்தத்தில தொட்டு எடுத்து லாக்கர்ல போட யாராலும் முடியும். நிஜ ஆயுதம் வேற." அவள் ஒரு கணம் நிறுத்தினாள். "இன்னொண்ணு. பெயின்ட் அடிக்கிறவர் அன்னைக்கு அஞ்சு மணிக்கே வீட்டுக்குப் போயிட்டார். போலீஸ் வந்தப்ப அந்தப் பன்னிரண்டு கையும் அடுத்த கட்டடத்தில ஈரப் பெயின்ட்டோட காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நடேசன் வேலையை முடிச்சிட்டுத்தான் செத்திருக்கார்னு எல்லாரும் நெனச்சிட்டாங்க."

தங்கராஜு வேகத்தைக் குறைத்தார். "விரிசல் விட்ட கையாலேயே அவரை அடிச்சுக் கொன்னுட்டு, கழுவி, பெயின்ட் அடிச்சு, மத்த பதினொண்ணோட கலந்து வச்சிட்டான்!"

"வெளியில கழுவியிருப்பான். விரிசல் தலைமுடியைவிட மெல்லிசு அண்ணே. அதுக்குள்ள ஊறின ரத்தத்தை எந்தத் தண்ணியும் கழுவாது."

"அப்ப பன்னிரண்டையும் சுரண்டிப் பார்த்துடலாம் லா."

"சுரண்ட விடமாட்டாங்க. சுரண்டவும் வேண்டாம். பெயின்ட்டுக்கு அடியில இருக்கிற விரிசலை மேல இருந்தே பிடிக்கிற மெஷின் அங்கேயே இருக்கு. நடேசன் இருபது வருஷமா அதைத்தான் ஓட்டினார்."

* * *

பட்டறை முதலாளி யாக்கூப் பாய், வக்கீலின் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். பெரிய உருவம், சின்னப் பொறுமை.

"நாலு மணிக்கு லாரி. இப்ப மூணு அஞ்சு. கஸ்டமர் சாமான்ல வெளியாள் கை படக்கூடாது. என் டெஸ்டர்தான் செய்வார். ஒண்ணும் இல்லைன்னா நீங்க மரியாதையா கிளம்பிடணும்."

"ஒண்ணு இருந்தா?" என்றார் தங்கராஜு.

"உங்க மூக்கில என்ன?"

"உங்க ஊர் வரவேற்பு பாய்."

யாக்கூப் முறைத்தார். அவசரப்படுகிறவர், கோபப்படுகிறவர், மூக்கைப் பற்றிக் கேட்கிறவர். தங்கராஜு மனதுக்குள் இவர் கழுத்தில் கயிற்றை மாட்டி முடிச்சும் போட்டுவிட்டார்.

பரிசோதனை அறைத் தரையில் புதிதாகத் தேய்த்துக் கழுவிய ஓர் இடம் மற்ற இடங்களைவிட வெளிறியிருந்தது. அதை மிதிக்காமல் சுற்றி வந்து நின்றான் டெஸ்டர் திலீப். முப்பத்தைந்து வயது, கண்ணாடி, மெல்லிய குரல். தினமும் பஞ்சவர்ணத்துக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பவன் என்று இனியா சொல்லியிருந்தாள்.

"உட்காருங்க தம்பி," என்று நாற்காலியைக் காட்டினார் தங்கராஜு.

"அது நடேசன் அண்ணன் நாற்காலி அங்கிள். நான் நின்னுக்கிட்டே செய்றேன்."

தங்கராஜு நாற்காலியை மெதுவாகப் பழைய இடத்துக்கே தள்ளினார்.

பன்னிரண்டு கைகளும் மேசையில் வரிசையாகக் கிடந்தன. ஒரே அளவு, ஒரே வளைவு, ஒரே பச்சை. பிரசவ ஆஸ்பத்திரியில் அடுக்கி வைத்த பிள்ளைகள்போல ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. திலீப் ஒரு சின்ன மெஷினை முடுக்கினான். அதிலிருந்து வந்த கம்பியின் நுனியில் பேனா மாதிரி ஒன்று இருந்தது.

"இந்த முனைக்குள்ள கம்பிச் சுருள் இருக்கு," என்று விளக்கினான். "இதை உலோகத்துக்கிட்ட கொண்டு போனா, உலோகத்துக்குள்ள சின்னச் சின்னச் சுழலா கரண்ட் ஓடும். எடி கரண்ட்னு சொல்லுவோம். நடுவில விரிசல் இருந்தா சுழல் நேரா போக முடியாம சுத்திக்கிட்டுப் போகும். உடனே திரையில இந்தப் புள்ளி துள்ளும்."

"எக்ஸ்பிரஸ்வேயில ஆக்சிடென்ட் ஆனா பின்னாடி வர்றவன் எல்லாம் சுத்திக்கிட்டுப் போற மாதிரி," என்றார் தங்கராஜு. "ரேடியோவில சொல்றதுக்கு முன்னாடியே டாக்சிக்காரனுக்குத் தெரிஞ்சிடும்."

"அதேதான் அங்கிள்." திலீப் ஓர் அலுமினியக் கட்டையை எடுத்தான். அதில் வேண்டுமென்றே அறுத்த மூன்று கீறல்கள், ஒன்றைவிட ஒன்று ஆழம். "மெஷின் ஒழுங்கா பார்க்குதான்னு முதல்ல இதில பார்ப்போம்." முனை முதல் கீறலைத் தாண்டியது. புள்ளி குட்டியாகத் துள்ளியது. இரண்டாவதில் பாதித் திரைக்கு ஏறியது. மூன்றாவதில் உச்சிக்கே போய்விட்டு வந்தது. மிகச் சின்னக் கீறலைக்கூட அது விடவில்லை.

"ஆரம்பிங்க," என்றாள் சம்சுன்னிசா.

திலீப் மேசை இழுப்பறையிலிருந்து வழுவழுப்பான ஒரு வெள்ளை டேப்பை எடுத்து, பேனா முனையைச் சுற்றி ஒட்டினான். ஒட்டியதன்மேல் இன்னொன்று. அதன்மேல் இன்னும் சில.

"என்ன தம்பி, அதுக்கும் காயமா?" என்று தன் விரல் கட்டைக் காட்டினார் தங்கராஜு.

"புதுப் பெயின்ட் அங்கிள். முனை உரசிக் கீறல் விழுந்தா கஸ்டமர் திட்டுவான். நாங்க எப்பவும் ஒட்டறதுதான்."

யாக்கூப் அப்போது வாசலில் லாரிக்காரனோடு போனில் கத்திக்கொண்டிருந்தார். சம்சுன்னிசாவின் கண் அந்த டேப்பின் மேலேயே இருந்தது.

முனை முதல் கையின்மீது மெதுவாக ஊர்ந்தது. புள்ளி அசையவில்லை. இரண்டாவது. மூன்றாவது. தங்கராஜு திரையையே பார்த்தார். ஏழாவதில் ஒரு சின்னச் சிலிர்ப்பு வந்தது. "அது ஓரம் அங்கிள், விளிம்புக்கிட்ட போனா அப்படித்தான் வரும்," என்றான் திலீப். ஒன்பது, பத்து, பதினொன்று. பன்னிரண்டாவதும் முடிந்தபோது மணி மூன்று நாற்பத்தைந்து. வெளியே லாரி பின்னோக்கி வரும் 'பீப் பீப்' கேட்டது.

"அவ்வளவுதான் அக்கா. எல்லாமே சுத்தமா இருக்கு." திலீப்பின் முகம் உண்மையிலேயே வாடியிருந்தது. "அண்ணன் பார்வை கொஞ்ச நாளாவே சரியில்லை. நான் வெளியில சொல்லலை."

"கேட்டுக்கிட்டீங்களா?" யாக்கூப் உள்ளே வந்தார். "அந்தப் பையன்தான் கொன்னான்னு உங்களுக்கும் தெரியும். பாவம் அந்தப் பொண்ணு, அதுக்காக என் சாமான்மேல பழி சொல்றீங்க. ஏத்துங்கப்பா!"

தங்கராஜுவுக்கு விலா இப்போதுதான் நிஜமாக வலித்தது. இனியாவிடம் என்ன சொல்வது? உங்கப்பாவுக்குக் கண் தெரியவில்லை, உன் ரித்திக்தான் கொலைகாரன் என்றா?

திலீப் முனையிலிருந்து டேப்பை உரிக்க நகத்தை வைத்தான்.

"இருங்க தம்பி," என்றாள் சம்சுன்னிசா, டீக்குச் சர்க்கரை கேட்பவள்போல. "கடையை மூடறப்ப மறுபடியும் அந்தக் கட்டையில ஒரு தடவை காட்டணுமாமே? காலையில பாலிடெக்னிக்ல ஒரு சார்கிட்ட பாடம் கேட்டேன். ஆரம்பத்திலயும் பார்க்கணும், முடிவிலயும் பார்க்கணும். இல்லைன்னா நடுவில பார்த்தது எதுவும் செல்லாதுன்னார்."

"ஆமா, காட்டறேன். இந்த டேப்பை மட்டும்..."

"டேப்பை எடுக்காதீங்க. பன்னிரண்டு கையையும் எப்படிப் பார்த்தீங்களோ, அப்படியே."

திலீப்பின் நகம் டேப்பின் ஓரத்திலேயே நின்றது. வாசலில் இருந்த யாக்கூப் மெதுவாகத் திரும்பினார். முதலாளி ஆவதற்கு முன்னால் பதினைந்து வருடம் அவரும் இந்தப் பேனாவைப் பிடித்தவர்.

"காட்டு திலீப்," என்றார்.

"பாய், லாரி..."

"காட்டுடா!"

முனை முதல் கீறலைத் தாண்டியது. புள்ளி கிடந்த இடத்தில் கிடந்தது. இரண்டாவது கீறலிலும் அப்படியே. மூன்றாவதில், மூட்டைப்பூச்சி கடித்ததுபோல ஒரு சின்ன நெளிவு.

"ஒரு சுத்து டேப் போட்டா டேப்போடதான் செட் பண்ணணும்." யாக்கூப் பேனா முனையை உற்றுப் பார்த்தார். "முனை ஒரு முடி அளவு எழும்பினாலே கண் மங்கிடும். நீ எத்தனை சுத்துடா போட்டிருக்கே?"

"அஞ்சு," என்றாள் சம்சுன்னிசா. "எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். கட்டைக்குக் கண்ணைத் திறந்து காட்டினார். கைக்குக் கண்ணைக் கட்டிட்டார்."

யாக்கூப் பேனாவைப் பிடுங்கி டேப்பை உரித்தார். கட்டையில் ஒரு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வரிசையாக வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவது கையின் வளைவில், பச்சைப் பெயின்ட் வழுவழுவென்று மின்னிய இடத்தில், புள்ளி திரையின் உச்சிக்குத் துள்ளிப் பாய்ந்தது. அவர் திருப்பி ஓட்டினார். மறுபடியும் பாய்ந்தது.

"யா அல்லா," என்றார் யாக்கூப்.

"பேப்பர்ல நாற்பத்தொண்ணுன்னு ஒரு முத்திரை நம்பர் இருக்கே, அது யாருடையது பாய்?" என்று கேட்டாள் சம்சுன்னிசா.

பதில் சொல்ல யாக்கூப்புக்கு நேரம் கிடைக்கவில்லை. திலீப் ஏழாவது கையை இரண்டு கைகளாலும் தூக்கியிருந்தான்.

முதல் அடியைத் தடுக்க யாக்கூப் கையை நீட்டினார். முன்னங்கை எலும்பு காய்ந்த விறகுபோல முறிந்தது. அறை முழுவதும் அந்தச் சத்தம் கேட்டது. அவர் விழும்போதே திலீப் மறுபடி வீசினான். மெஷின் திரை சிதறி, கண்ணாடித் துண்டு ஒன்று சம்சுன்னிசாவின் புருவத்தைக் கிழித்தது. இரத்தம் கண்ணில் வழிய அவள் பின்வாங்கினாள். மூன்றாவது வீச்சு இடுப்பில் விழுந்தது. கழுவி வெளுத்த அந்தத் தரையிலேயே அவள் சுருண்டாள்.

மென்மையான குரல் கொண்ட அந்த மனிதன் இப்போது குரலே இல்லாமல் வேலை செய்தான். கண்ணாடி மூக்கில் கோணலாகத் தொங்கியது. அலுமினியக் கையைத் தலைக்குமேல் ஓங்கினான். இலக்கு, அவள் காதுக்கும் பிடரிக்கும் நடுவே.

தங்கராஜு யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டார். மேசையில் கிடந்த பேனாவின் கம்பியை இழுத்து, பின்னாலிருந்து திலீப்பின் கழுத்தில் சுற்றி, முழு எடையோடும் தொங்கினார். உடைந்த விரல் நெருப்பாக எரிந்தது. திலீப் இருமியபடி பின்னோக்கி ஓடி அவரை இரும்பு அலமாரியில் மோதினான். ஒருமுறை. இரண்டாவது முறை மோதியபோது மதியம் தப்பித்த விலாவும் போயிற்று. பிடி நழுவ, அவர் தூணோரம் சரிந்தார்.

"கிழவா!"

"அங்கிள்னு சொல்லுடா," என்றார் தங்கராஜு வாயில் இரத்தத்தோடு. "மரியாதை வேணாம்?"

திலீப் வீசினான். தங்கராஜு தலையைக் குனிந்தார். அவர் தலைக்குப் போக வேண்டியது இரும்புத்தூணுக்குப் போனது. மணி அடித்ததுபோல ஓர் ஒலி. அடுத்த கணம் விமானக் கதவைத் தாங்க வேண்டிய அந்தக் கை, ஏழாவது கை, வளைவில் இரண்டாக முறிந்தது. முறிந்த பாதி தெறித்துத் திலீப்பின் கன்னத்தைப் பற்கள் தெரியப் பிளந்துகொண்டு போயிற்று. அவன் அலறி முகத்தைப் பொத்தியபோது, தங்கராஜு உட்கார்ந்தபடியே தன் கனத்த பழைய ஷூவால் அவன் முழங்காலைப் பக்கவாட்டில் உதைத்தார். முழங்கால் போகக்கூடாத பக்கம் போனது. திலீப் மரம்போல விழுந்தான்.

லாரிக்காரனும் இரண்டு தொழிலாளிகளும் ஓடிவந்து அவனை அமுக்கினார்கள்.

சம்சுன்னிசா தவழ்ந்து போய், கைக்குட்டையால் முறிந்த துண்டைத் தூக்கினாள். முறிந்த பரப்பில் ஒரு பாதி வெள்ளியாகப் பளபளத்தது. அது இப்போது முறிந்தது. மறு பாதி பழைய விரிசல். அது கறுப்பும் சிவப்புமாகக் காய்ந்துபோன கறை பிடித்திருந்தது. யாக்கூப் எலும்பு முறிந்த தன் கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

"இதைப் பார்க்காமலேயே பன்னிரண்டுக்கும் முத்திரை குத்திட்டீங்க," என்றாள் சம்சுன்னிசா. "கோப்பிக்கடையில உட்கார்ந்துக்கிட்டா?"

திலீப்பின் வாயிலிருந்து வார்த்தையும் இரத்தமும் சேர்ந்து வந்தன. "எல்லாம் நல்லாத்தான் இருக்கும்... எப்பவும் நல்லாத்தான் இருக்கும்... அண்ணன் மறுபடி பார்த்தார். நாளைக்கு ரிப்போர்ட் பண்ணப் போறேன்னார். முத்திரையைப் பிடுங்கிட்டா நான் அப்புறம் எங்க போவேன்? கொடுங்க, நானே சரி பண்றேன்னு இழுத்தேன். விடலை. பிடுங்கி அடிச்சேன். விழுந்தும் திரும்பப் பிடிச்சுக்கிட்டார். மறுபடி பிடுங்கி அடிச்சேன். அப்பவும் விடலை. செத்த பிறகு விரலைப் பிரிச்சுத்தான் எடுத்தேன்."

* * *

போலீஸ் வந்தது. ஆம்புலன்ஸ் மூன்று வந்தன. கஞ்சி கொடுக்கப் போன வீட்டில் விசாரணையைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தடியன்களை அனுப்பியதும், ஸ்பேனரை லாக்கரில் போட்டதும் தான்தான் என்று திலீப் இன்ஸ்பெக்டரிடம் ஒப்புக்கொண்டான். சம்சுன்னிசாவின் புருவத்தில் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். "நீங்க பேசுங்க அண்ணே," என்று போனைத் தங்கராஜுவிடம் நீட்டினாள். "என்னால முடியாது."

மணி அடித்த உடனே இனியா எடுத்துவிட்டாள்.

"ரித்திக் இல்லைம்மா," என்றார். "அவன் செய்யலை. திலீப்."

மறுமுனையில் ஏதோ பாத்திரத்தை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"காலையிலகூட வந்தாரே. அம்மா சாப்பிடலைன்னு ஊட்டிவிடச் சொல்லிட்டுப் போனாரே."

"ஆமாம்மா."

"அங்கிள்... அப்பா ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

முப்பது வருடம் பயணிகளிடம் 'இதோ அஞ்சே நிமிஷம்' என்று இனிக்க இனிக்கப் பொய் சொன்ன வாய் அது. இன்றைக்கு அதற்குப் பொய் வரவில்லை.

"பட்டார்மா. ஆனா அந்தச் சாமானை விடலை. விட்டிருந்தா வீட்டுக்கு வந்திருப்பார். அது விமானத்தில போயிருக்கும். அவர் விடலை."

அவள் அழுதாள். அழுது முடிக்கும்வரை அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. விலாவுக்குக் கட்டுப்போட வந்தவரைக் கையசைத்து நிறுத்திவைத்தார்.

"அவன் மூஞ்சியைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டுட்டேனே அங்கிள். இனிமே என்கூடப் பேசுவானா?"

தங்கராஜு போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"தெரியலைம்மா. வெளியில வர்றப்ப வாசல்ல நில்லு. பேசலைன்னாலும் நில்லு. திட்டினாலும் நில்லு. உனக்கு வேற வழி இல்லை."

"எப்ப விடுவாங்க?"

"நாளைக்கோ, மறுநாளோ. பேப்பர் வேலை இருக்கும் லா."

"பரவாயில்லை. இப்பவே கிளம்பறேன்."

போனை அவள் அணைக்க மறந்துவிட்டாள். அவள் நடக்கும் சத்தம் கேட்டது. சாவிக்கொத்து கிலுங்கியது. பிறகு, எட்டு நாளாக யாரோடும் பேசாமல் கிடந்த பஞ்சவர்ணத்தின் கம்மிய குரல் கேட்டது.

"எங்கடி போற?"

"ரித்திக்கைக் கூட்டிட்டு வரப் போறேன்மா. அவன் செய்யலை."

தங்கராஜு போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்தது.

"இரு," என்றாள் பஞ்சவர்ணம். "புடவையை மாத்திட்டு நானும் வர்றேன்."